வில்மாவின் இடது கால்

இயன்முறை மருத்துவப் பிரிவுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர் பலரும் ஒரு வினாவைக் கேட்பதுண்டு: “வீட்டில் நாள்தோறும் நாங்கள் செய்துவிடும் பயிற்சியால் உண்மையிலேயே பயன் இருக்கிறதா?” இவ்வினாவுக்கு விடை காண, வில்மா ருடால்ஃப் என்ற அமெரிக்க ஓட்ட வீராங்கனையின் இளமைக் காலத்தைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1940ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று, குறைமாதக் குழந்தையாக வில்மா பிறந்தார். எடை இரண்டு கிலோ அளவே இருந்தது. தந்தையின் இரு மணங்களிலும் பிறந்த இருபத்திரண்டு மக்களில் இவர் இருபதாமவர். நிமோனியாவும் ஸ்கார்லெட் காய்ச்சலும் அவரை வாட்டின. ஏறத்தாழ ஐந்து வயதில் இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோவும் தாக்கியது. இடது கால் வலுவிழந்தது. போலியோவுக்கு அப்போது தடுப்பூசி இல்லை. முதல் தடுப்பூசி 1955இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது.

போலியோ நுண்கிருமி தசையை நேரடியாகத் தாக்குவதில்லை என்பதை இங்கே அறிந்துகொள்ள வேண்டும். தண்டுவடத்தின் முன்பகுதியில் அமைந்து, தசைகளுக்கு ஆணையிடும் நரம்பணுக்களையே அது அழிக்கிறது. ஆணை வராத தசை துவண்டு மெலிகிறது. தொடுவுணர்ச்சியோ அப்படியே இருக்கும். இறந்த நரம்பணு மீண்டும் உயிர் பெறுவதில்லை. எத்தனை முறை எண்ணெய் தேய்த்தாலும் இது மாறாது. ஆனால், பிழைத்திருக்கும் நரம்பணுக்கள் புதிய கிளைகளை விட்டு, ஆதரவற்றுக் கிடக்கும் தசை இழைகளில் ஒரு பகுதியைத் தம்வசம் ஏற்றுக்கொள்ளும். இம்மீட்சி நிகழும் மாதங்களில் மூட்டுகள் இறுகாமலும், தசைகள் சுருங்கிக் கால் கோணாமலும் காப்பதே பயிற்சியின் வேலை. கேலிப்பர் அணிவிப்பதும் இதற்காகவே. எஞ்சிய தசைக்கு அளவோடு முறையாக வேலை கொடுத்தால் அது வலுப்பெறும்.

வில்மாவின் வீட்டில் நடந்ததும் இதுவே. நிறப்பாகுபாடு நிலவிய காலமாதலால், கறுப்பின மக்களுக்குச் சிகிச்சை அளித்த நாஷ்வில் நகரத்து மெஹாரி மருத்துவக் கல்லூரிக்கே அவரை அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஊரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். பிறர் வீடுகளில் பணிபுரிந்த தாய் பிளாஞ்ச், வாரந்தோறும் மகளுடன் பேருந்தில் சென்று வந்தார். இது இரண்டு ஆண்டுகள் நீடித்தது. அங்கே கற்ற பிடித்துவிடும் முறையைக் குடும்பத்தாருக்கும் கற்பித்தார். அண்ணன்மாரும் அக்காமாரும் முறைவைத்து நாளொன்றுக்கு நான்கு முறை அக்காலைப் பிடித்துவிட்டனர். எட்டுப் பத்து வயதுப் பிள்ளைகளும் இதில் பங்குகொண்டிருக்கக்கூடும் என்று எண்ணும்போது வியப்பே மிகுகிறது! பன்னிரண்டு வயதைக் கடந்தபோது வில்மாவுக்குக் கேலிப்பரும் தேவைப்படவில்லை, தனிக் காலணியும் தேவைப்படவில்லை.

அதன்பின் நடந்தவை உலகறிந்தவை. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில், பதினாறு வயதில், தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார். 1960இல் ரோம் நகரில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கின் தடகளப் போட்டிகளில் மூன்று தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே. வரவேற்பு விழாவில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாகக் கலந்துகொள்ள வேண்டும் என அவர் வற்புறுத்தினார். அவருடைய ஊரான கிளார்க்ஸ்வில்லில் அவ்வாறே விழா நடந்தது.

நோயுற்ற எல்லாக் குழந்தைகளும் இவ்வாறு மீள்வார்கள் என்று சொல்வது நேர்மையாகாது. எத்தனை நரம்பணுக்கள் பிழைத்தன என்பதைப் பொறுத்தே மீட்சி அமைகிறது. அதே அக்கறையுடன் பயிற்சி செய்தும் கேலிப்பருடனேயே வாழ்பவர் பலர். அவர்களுடைய பெற்றோர் எதிலும் குறை வைத்தவர் அல்லர்.

இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் நோயுற்ற கடைசிக் குழந்தை 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டது. எனினும், முற்காலத்தில் பாதிக்கப்பட்டோர் நம்மிடையே உள்ளனர். பல பத்தாண்டுகள் நிலையாக இருந்த காலில் புதிதாக வலுக்குறைவோ வலியோ மிகுந்த சோர்வோ தோன்றினால், முதுமை என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கூடுதல் சுமை ஏற்ற நரம்பணுக்கள் பிற்காலத்தில் தளர்வதுண்டு. அந்நிலையில் கடும் பயிற்சி கேடு விளைவிக்கும். வீட்டில் பயிற்சி செய்துவிடுவோர், தாங்கள் செய்யும் முறையை இயன்முறை மருத்துவர் முன்னிலையில் ஒருமுறை செய்து காட்டித் திருத்தம் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்த வருகையின்போதே கேட்கலாம்.