உஷார்! 'வேட்டைக் கத்தி' அடிக்கக் கொடுக்கும் முன்...

கைபேசியில் ஒரு வீடியோ. பளபளக்கும் அலகு, மான்கொம்புக் கைப்பிடி, இடுப்பில் தோலுறை. பார்த்து முடித்த சூட்டோடு பக்கத்து ஊர்க் கொல்லர் பட்டறைக்குப் போய், "அண்ணே, இதே மாதிரி ஒண்ணு அடிச்சுத் தாங்க" என்று கேட்கக் கிளம்புகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். அதியன்னூர், நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் இருப்பவர் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே நில்லுங்கள். அழகுக்காக நீங்கள் சொல்லிச் சேர்க்கும் ஒவ்வொரு அம்சமும் ஒன்று உங்களைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகும், இல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்.

வேட்டையே இல்லை, கத்தி எதற்கு?

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்த நாட்டில் இடமில்லை. "மரச்சீனியைப் பன்னி தோண்டிப் போடுதே" என்பீர்கள். நியாயமான கவலைதான். அதற்காகத்தான் கேரள அரசு 2022-இல் பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தது. அப்படி உத்தரவு வந்தாலும் சுடுவது துப்பாக்கி உரிமம் உள்ளவர். செத்த பன்றியை முறைப்படி புதைக்க வேண்டும். கறி வைக்கக் கூடாது. ஆக, அங்கேயும் உங்கள் கத்திக்கு வேலை இல்லை.

நெய்யாறு டேமுக்குப் போகும் பையில் கத்தியா?

இதுதான் பலர் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம். நெய்யாறு வனவுயிர்ச் சரணாலயம் 1958-லிருந்து இருக்கிறது. 128 சதுர கிலோமீட்டர் பரப்பு. தலைமை வனவுயிர்க் காப்பாளரோ அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்தில் அனுமதி தராமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது என்கிறது அந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு. ஆயுதம் என்றால் துப்பாக்கி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம் தரும் பட்டியலில் கண்ணி, வலை, தூண்டில் முள்ளோடு கத்தியும் பெயர் சொல்லியே இருக்கிறது. மூன்று அங்குலமா பத்து அங்குலமா என்ற பேச்சே அங்கே இல்லை. "ஆப்பிள் நறுக்கக் கொண்டுவந்தேன் சார்" என்று வேட்டைக் கத்தியைக் காட்டிச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அளவும் வடிவமும்

2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளையும் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீடு, விவசாயம், தொழில், அறிவியல் வேலைக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. தென்னந்தோப்பு வெட்டுக்கத்திக்கும் ரப்பர் பால் வெட்டும் கத்திக்கும் அந்த விலக்கே துணை. இரண்டு பக்கமும் கூர், குத்தும்போது கை நழுவாமல் குறுக்குத் தடுப்பு, மண்டையோட்டுச் சின்னம் என்று நீங்களே கேட்டு வாங்கிய பிறகு "விவசாயக் கத்தி" என்று சொன்னால் எடுபடாது.

நம்முடையது கேரள-தமிழக எல்லையூர் என்பதையும் மறக்க வேண்டாம். 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் காவல்துறைச் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவரைச் சுட்டும் கத்தியால் குத்தியும் கொன்றார்கள். அப்படிப்பட்ட சாலையில் பைக் பெட்டிக்குள் உறைக் கத்தியோடு போகிறவரைப் போலீஸ் சும்மா விடுமா?

மான்கொம்பு: தொடவே தொடாதீர்கள்!

மிளாக் கொம்போ புள்ளிமான் கொம்போ, "காட்டில் தானாக உதிர்ந்தது", "தாத்தா காலத்தது" என்று சொல்லி யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். கொம்பும் சட்டப்படி வனவுயிரின் உறுப்புதான். உங்கள் கையில் அது இருந்தால் சட்டவிரோதமாக வைத்திருக்கிறீர்கள் என்றே வனவுயிர்ச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. யானைத் தந்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். புளியமர வைரம் கைப்பிடிக்குத் தாராளமாகப் போதும்.

முறிந்தால் கண் போகும்

உள்ளூர்ப் பட்டறைகளில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத்தான் பெரும்பாலும் அடிப்பார்கள். நல்ல எஃகுதான். ஆனால் வருஷக்கணக்கில் குழியிலும் மேட்டிலும் பாரம் தாங்கிய பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கலாம். அடிக்கும் முன் பட்டையைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவச் சொல்லுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டிப் பொடி தூவினால், கீறலுக்குள் போன எண்ணெய் ஊறி வந்து மயிரிழைக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். கோடு தெரிந்தால் அந்தப் பட்டை வேண்டாம்.

அடுத்தது தோய்ச்சல். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கியதோடு வேலை முடிந்துவிடாது. மறுபடியும் 200 டிகிரி அளவில் சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும். அவசரத்தில் இதை விட்டால் இரும்பு கண்ணாடியாகிவிடும். கீழே விழுந்தாலே தெறிக்கும்.

வாங்கும்போது ஒரு பித்தளைக் கம்பியை மேஜையில் கிடத்தி, வெட்டும் விளிம்பை அதன்மேல் சாய்த்து லேசாக அழுத்தி இழுத்துப் பாருங்கள். விளிம்பு கொஞ்சம் வளைந்து திரும்பினால் பதம் சரி. வளைந்தபடி நின்றால் கடினம் போதாது. பொடிந்தால் அந்தக் கத்தியை வாங்கவே வாங்காதீர்கள்.

பிறகு கைப்பிடி. அலகின் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை ஒரே துண்டாக ஓட வேண்டும். பாதியில் நின்று பசையால் ஒட்டியிருந்தால், அழுத்தி வேலை செய்யும்போது பிடி கழன்று அலகு உங்கள் உள்ளங்கைக்கே திரும்பும். இணையத்தில் 'டமாஸ்கஸ்' என்று விற்கும் மலிவான கத்திகளிலும் ஏமாறாதீர்கள். வரிவரியான அந்தக் கோலம் மேலே பொறித்ததாக இருந்தால் உப்புத்தாள் தேய்த்தவுடன் போய்விடும். உண்மையான மடிப்பு எஃகில் அமிலம் பட்டதும் திரும்பத் தெரியும்.

கத்தி வேண்டுமென்றால்...

தோட்டத்துக்கும் சமையலுக்கும் கையில் அடங்குகிற கத்தி போதும். நாலு அங்குல அலகு, ஒரு பக்கக் கூர், மரப்பிடி, செய்த வேலைக்கு ரசீது. தோட்டத்திலும் வீட்டிலும் வையுங்கள், பஸ்ஸுக்குள் கொண்டுபோக வேண்டாம். 9 அங்குலத்தை நெருங்கும் எதையும் செய்யக் கொடுக்கும் முன் காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். கொம்புப் பிடிக் கத்தி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதை விற்கவோ பரிசாகத் தரவோ கூடாது. இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு வனத்துறையிடம் போங்கள். அவர்களே தேடி வரும்வரை காத்திருக்காதீர்கள்.