மூலையில் நின்ற அரசன்

சதுரங்கத்தைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். குதிரை எப்படிப் பாயும் என்பதையே நான் 2009 இல் செட்டிகுளம் முகாமில்தான் அறிந்தேன். போத்தல் மூடிகளில் கரியால் எழுதி மகன் காய்கள் செய்து வைத்திருந்தான். வேறு ஆளில்லாததால் நான் எதிரே இருப்பேன். தகப்பன் எங்கே என்று அவன் கேட்காத நேரம் அது ஒன்றுதான்.

மீள்குடியேறிய பின்னர், 2011 இல், பாடசாலைகளுக்கிடையே ஒரு போட்டி வந்தது. அவனுக்கு 13 வயது. மாகாண மட்டம் வரை போன பெடியன் ஒருவனும் அதில் விளையாடுவதாகக் கேள்விப்பட்டு, "தோக்கிறதுக்கு ஏன் அம்மா பஸ் காசு? நான் மேசன் வேலைக்குப் போறன்" என்றான். எனக்கு நெஞ்சு பதறியது. வகுப்பில் இரண்டு பிள்ளைகள் அப்படித்தான் படிப்பை விட்டிருந்தார்கள்.

பழக்கிய சேர் வீட்டுக்கு வந்து ஒரு கதை சொன்னார். 2004 மார்ச்சில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில், மக்னஸ் கார்ல்சன் என்ற நோர்வேச் சிறுவன் உலகின் முதல்நிலை ஆட்டக்காரரான கஸ்பரோவோடு மோதினான். அவனுக்கும் 13 வயதுதான். முதல் ஆட்டம் சமநிலை. அடுத்ததில் கஸ்பரோவ் வென்று அவனை வெளியேற்றினார்.

"அப்ப தோத்துத்தானே போனவன், சேர்?"

"ஓம் தம்பி. ஆனா முதல் ஆட்டத்தில தப்பினது கஸ்பரோவ்தான்."

(அந்தச் சிறுவன் 2013 இல் சென்னையில் ஆனந்தை வென்று உலக சம்பியனானது பிந்திய கதை.)

போட்டியன்று யன்னலால் எட்டிப் பார்த்தேன். அந்தப் பெடியன்தான் எதிரே. மகனிடம் அரசன் மட்டும். அவனிடம் அரசனும் பலகையின் ஓரத்தில் ஒரு சிப்பாயும். சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடைந்தால் ராணியாகிவிடும். என் கை நடுங்கியது. மகனோ அரசனை மூலைக் கட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தான்.

ஓரச் சிப்பாய் என்றால் மூலையில் நிற்கும் அரசனை அங்கிருந்து கிளப்ப முடியாதாம். கிட்ட வந்து நெருக்கினால் அவனுக்கு நகர இடமிருக்காது. ஆனால் 'செக்'கும் இருக்காது. அப்படி அடைபட்டால் அது தோல்வியல்ல, சமநிலை. ஆளுக்கு அரைப் புள்ளி. இதெல்லாம் திரும்பும் பஸ்ஸில் அவன் எனக்கு விளங்கப்படுத்தியது. நடுச்சிப்பாயாக இருந்திருந்தால் தான் தோற்றிருக்கவும் கூடும் என்றும் ஒளிக்காமல் சொன்னான்.

மற்ற ஆட்டங்களில் இரண்டில் தோற்றான். பதக்கம் ஏதுமில்லை. இறங்கும்போது, "அம்மா, அடுத்த போட்டி எப்ப எண்டு சேரிட்டக் கேக்கட்டோ?" என்றான். மேசன் வேலையைப் பற்றி அன்று அவன் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.