ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட்: பழவேற்காடு!

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு ஜுரம் வரும். ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரியும் சுண்டலும் தின்று, போனஸ் கைக்கு வந்த பிறகு ஆரம்பிக்கும். டாக்டரிடம் போக வேண்டாம், வேன் டிரைவரிடம் போனால் போதும். ஜுரத்தின் பெயர் டூர்!

1964-ல் எஸ்டேட் ஆரம்பித்த நாளாக இந்த ஜுரம் இருக்கிறது என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். மகாபலிபுரம், ஏலகிரி, ஒகேனக்கல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒகேனக்கல்லில் எண்ணெய் மஸாஜ் செய்துகொண்டு மூன்று நாள் கழுத்து திரும்பாமல் வேலைக்கு வந்தவர்களும் உண்டு. ஆகவே இந்த முறை மழை முடிந்து, தை பிறந்ததும், புதுசாக ஒரு யோசனை வந்தது. வடக்கே போய் மீன் பிடிப்பது!

நான் இந்தக் கோஷ்டியில் எப்படி என்று கேட்பீர்கள். பிரஸ் வேலை செய்யும் ஒரு சின்னக் கம்பெனிக்கு வாரத்தில் இரண்டு நாள் கணக்கு எழுதுகிறேன். எழுத்து சோறு போடாது என்று என்னை பி.காம். படிக்க வைத்த அப்பாவின் தீர்க்கதரிசனம். கணக்குப்பிள்ளை என்பதால் டூர் கஜானாவும் என் கையில். பதினாலு பேர், தலைக்கு 800 ரூபாய், ஆக மொத்தம் 11,200. வேனுக்கு 5,500, சாப்பாட்டுக்கு 3,000, தூண்டில் சாமான்களுக்கு 600, படகுக்கு 2,100 என்று பட்ஜெட் போட்டேன். அந்தக் கடைசி ஐட்டத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தூண்டில் தயாரிப்பில் எங்கள் ஆட்கள் காட்டிய மும்முரத்தை உற்பத்தியில் காட்டியிருந்தால் முதலாளி இந்நேரம் இரண்டாவது ஷெட் போட்டிருப்பார். கொக்கியும் தங்கூஸும் கடையில் வாங்கினோம். ஈயக்குண்டு வாங்கப் போனபோது ஃபிட்டர் குறுக்கே விழுந்து தடுத்தார். "எதுக்கு ஸார் தண்டச் செலவு? ஸ்கிராப்புல நட்டு கிடக்குது!" தூண்டிலுக்கு ஒன்றாக நட்டு கட்டியாகிவிட்டது. கேட் பாஸ் இல்லாமல் வெளியே போன அந்த நட்டுகளை நான் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

அம்பத்தூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் செங்குன்றம், நல்லூர் டோல்கேட், தச்சூர் கூட்டு ரோடு, பொன்னேரி, திருப்பாலைவனம், பழவேற்காடு. ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு அவுட்டர் ரிங் ரோடு மீஞ்சூர் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகிறது. ரயில்தான் பிடிக்கும் என்றால் கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் பொன்னேரியில் இறங்கி பஸ் ஏறலாம். பொன்னேரி தாண்டியதுமே காற்றின் வாசனை மாறிவிடுகிறது. உப்பும் சேறும் கருவாடும் கலந்த ஒரு வாசனை. வேனில் தூங்கிக்கொண்டிருந்த ஸ்டோர்ஸ் கீப்பர், கண்ணைத் திறக்காமலே "வந்துடுச்சா?" என்றார்.

பழவேற்காடு ஏரியைப் பற்றி இரண்டு வார்த்தை. உவர்நீர் ஏரிகளில் இந்தியாவிலேயே ஒரிஸ்ஸாவின் சில்காவுக்கு அடுத்தது இதுதான். சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு வால் மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே சுவர் மாதிரி ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் விடுகிற நாளில் இந்தக் கரையில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்கிறது. மீனவர்களுக்கோ அன்றைக்குக் கடலுக்குப் போகாதே என்று உத்தரவு. நாட்டுக்கு ராக்கெட், அவர்களுக்கு ஒரு நாள் கூலி நஷ்டம்.

இவ்வளவு பெரிய ஏரிக்கு ஆழம் எவ்வளவு தெரியுமா? சராசரியாக ஒரு மீட்டர்! பல இடங்களில் பூநாரைகள் முழங்கால் நனையாமல் நிற்பது இதனால்தான். நாங்கள் போன அன்றும் தூரத்தில் ரோஸ் கலரில் ஒரு கோடு தெரிந்தது. உற்றுப் பார்த்தால் கோடு நகர்ந்தது.

இந்த "ஒரு மீட்டர்"தான் எங்கள் டூரில் சண்டையைக் கிளப்பியது.

கரையில் நாங்கள் தூண்டிலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். பிளாக்கில் டிக்கெட் விற்கிறவர்களின் குரலில், "போட்டு வேணுமா? முகத்துவாரம் வரைக்கும் இட்டுக்கினு போறேன். நடுத் தண்ணில மீன் ஜாஸ்தி" என்றார்.

இளவட்டங்களின் முகம் மலர்ந்தது. பட்ஜெட்டில் இருக்கிறதே, 2,100!

ஆனால் பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றக் கூடாது என்று தடை இருக்கிறது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினம். குடும்பமாகப் பொழுதுபோக்க வந்தவர்கள் ஏறிய படகு இந்த ஏரியில் கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு வந்த தடை அது. எங்கள் கோஷ்டியில் பாதிப் பேருக்கு அந்த விஷயமே தெரியாது. அப்போது அவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள்.

"இடுப்பளவுத் தண்ணிதானே ஸார், கவுந்தா நடந்தே வந்துடலாம்" என்றான் ஒரு டிரெய்னி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சராசரி என்பது ஒரு பொல்லாத கணக்கு. பி.காம். படித்த எனக்கு அது நன்றாகத் தெரியும். மேட்டில் அரை அடி, படகு போகிற வாய்க்காலில் ஆள் மூழ்கும் ஆழம், இரண்டையும் கூட்டி வகுத்தால் இடுப்பளவுதான் வரும்! அதிலும் ஏரி கடலைத் தொடுகிற முகத்துவாரத்தில், நீர் வற்றும் நேரத்தில் ஏரித் தண்ணீர் அந்த வாய் வழியாகக் கடலுக்கு ஓடுகிறது. எதிரே அலை வருகிறது. காலடியில் மணல் நகர்கிறது. நீச்சல் தெரிந்தவனுக்கே சங்கடம். எங்களில் நீச்சல் தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தருக்குக் கிணற்றில் மட்டும்தான் தெரியுமாம்!

ஓட்டெடுப்பு நடக்கிற மாதிரி ஆகிவிட்டது. அதுவரை பேசாமல் கொக்கியில் இறால் குத்திக்கொண்டிருந்த பிரஸ் ஆபரேட்டர் நிமிர்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். எல்லோருக்கும் "அண்ணே". வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் பாதிதான் இருக்கும். வேறொரு கம்பெனியில், இருபது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அந்தக் கையாலேயே இறாலைக் குத்தி முடித்துவிட்டுச் சொன்னார்:

"கார்டைக் கழட்டிட்டா பீஸ் வேகமா வரும்னு எனக்கும் ஒருத்தர் சொன்னாருப்பா. கழட்டுன அன்னிக்கு ஒண்ணும் ஆவல. மூணு மாசம் ஒண்ணும் ஆவல. நாலாம் மாசந்தான் ஆச்சு."

அவ்வளவுதான். திரும்பவும் தூண்டிலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். போட்டுக்காரரும் வேறு கோஷ்டியைத் தேடிப் போய்விட்டார். அந்த டிரெய்னி மட்டும் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

சரி, கரையிலிருந்து என்னதான் மாட்டும்? முதலில் மாட்டியது ஃபிட்டரின் சட்டைக் காலர். அடுத்தது ஒரு ரப்பர் செருப்பு. மூன்றாவதாகத்தான் மீன். கை நீளம் கூட இல்லாத, உடம்பில் கறுப்புக் கோடு போட்ட மீன். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் கீச், கீச் என்று சத்தம் போட்டதே பார்க்கலாம்! அதனால்தான் அதற்குக் கீச்சான் என்று பெயர். பயந்துபோய் சூப்பர்வைசர் தூண்டிலோடு கீழே போட்டுவிட்டார். வாழ்நாள் பூராவும் அடுத்தவரைச் சத்தம் போட்டே பழகியவர். தன்னைப் பார்த்து ஒன்று சத்தம் போடும் என்று எதிர்பார்க்கவில்லை போலும்.

நண்டுகள் இரையை மட்டும் நாசூக்காகக் கழற்றிக்கொண்டு போயின. ஒரு கெளுத்தி வந்தது. அதைக் கையால் பிடிக்கப் போனவரைப் பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒரு அதட்டுப் போட்டு நிறுத்தினார். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று கெளுத்திக்கு மூன்று முள் உண்டு. குத்தினால் கடுக்கும் கடுப்பில் டூர் ஆசையே போய்விடும். துணியைப் போட்டு அமுக்கி, கொக்கியைத் திருப்பி அவரே கழற்றிக் கொடுத்தார்.

மத்தியானம் வரை நான்கு கீச்சான், ஒரு கெளுத்தி. நான் பேனாவை எடுத்தேன். படகுப் பணம் நீங்கலாகச் செலவு 9,100. ஐந்து மீன். அடக்க விலை மீன் ஒன்றுக்கு 1,820 ரூபாய்! எங்கள் கம்பெனியில் இந்த மாதிரி உற்பத்தி நடந்திருந்தால் பேங்க் மானேஜர் ஜப்திக்கு வந்திருப்பார்.

அந்தப் பெரியவரிடம்தான் அதற்கப்புறம் பேச்சுக் கொடுத்தோம். நாங்கள் வந்ததே அதற்காகத்தானோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. "எங்களுக்கு இன்னிக்கு முறை கெடையாது. அதான் வலையைப் பாத்துக்கினு உக்காந்திருக்கேன்" என்றார்.

அது என்ன முறை? ஏரியின் தெற்குப் பக்கம் இறால் நன்றாகப் படும் இடங்களைப் பங்கு பங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பது சீட்டுப் போட்டு முடிவாகிறது. பிறகு சுழற்சியாக எல்லோருக்கும் நல்ல இடமும் வரும், மோசமான இடமும் வரும். தலைமுறை தலைமுறையாக நடக்கிற இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் "பாடு". தமிழில் அந்த வார்த்தைக்கு இருக்கிற இன்னொரு அர்த்தத்தையும் சேர்த்துப் படியுங்கள், தப்பில்லை. ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்து இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எல்லாமே சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். பாடு உரிமை குறிப்பிட்ட சில குப்பங்களின் பரம்பரைச் சொத்து. வெளியே நிற்கிறவர்களுக்கு மனத்தாங்கல் உண்டு, தகராறும் நடந்திருக்கிறது. உரிமை இல்லாதவர்களில் இருளர் பெண்கள் முட்டளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவியே இறால் பிடிக்கிறார்கள். கொக்கி இல்லை, வலை இல்லை. பிடித்த இறாலைப் போட ஒரு பறி, அதையும் வாயால் கவ்விக்கொள்கிறார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே!

எங்கள் சூப்பர்வைசருக்குப் பாடு முறை ரொம்பப் பிடித்துவிட்டது. "எங்க கம்பெனியிலயும் ஷிஃப்ட் உண்டு பெரியவரே" என்றார் பெருமையாக.

"யார் போடறது?"

"நான்தான்."

"அப்ப உங்கிட்ட எல்லாரும் சண்டைக்கு வருவாங்களே" என்று சிரித்தார் பெரியவர். பின்னாலிருந்து பன்னிரண்டு பேர் கைதட்டினார்கள்!

அவர் சிரிப்பு முகத்துவாரப் பேச்சு வந்ததும் நின்றுவிட்டது. இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு ஏரிக்குள் வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். அதற்கு வாசல் அந்த முகத்துவாரம்தான். அது மணல் மூடிவிட்டால் குஞ்சும் உள்ளே வராது, கடல் தண்ணீரும் வராது. மழைக்காலத்தில் ஆரணியாறு வெள்ளம் வந்து திறந்துவிட்டால் உண்டு. கோடையில் அடைத்துக்கொள்கிறது. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் வந்தது, அப்புறம் காட்டுப்பள்ளி. காட்டுப்பள்ளியை இன்னும் பெரிசாக்கும் திட்டத்தை இந்தப் பக்கத்து மீனவர்கள் எதிர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கரை அரிக்கும், முகத்துவாரம் கெடும் என்பது அவர்கள் பயம். "வாசலை மூடிட்டா, சீட்டுப் போட்டு இன்னா பிரயோசனம்?" என்றார் பெரியவர். யாரிடமும் பதில் இல்லை.

சாப்பாட்டுக்கு அப்புறம் டச்சுக் கல்லறைக்குப் போனோம். வாசல் தூண்களில் எலும்புக்கூடுகள் செதுக்கி வைத்து வரவேற்கிறார்கள்! 1602-ல் ஆரம்பித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, பொதுஜனங்களிடம் பங்கு விற்றுப் பணம் திரட்டிய முன்னோடிக் கம்பெனி. அந்தக் கம்பெனி ஆட்கள் இங்கே வந்து 1613-ல் கெல்டிரியா என்று கோட்டை கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றுகிற வரை சோழமண்டலக் கரைக்கே இதுதான் அவர்களுடைய தலைமை ஆபீஸ். துணி வாங்கினார்கள், வெடிமருந்து செய்தார்கள், அடிமைகளாக மனிதர்களையும் கப்பலேற்றினார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர் மண்டிக் கிடக்கிறது. கல்லறைகளைத் தொல்பொருள் இலாகா பாதுகாக்கிறது. வேலைக்காக வடகோடிக் கரைக்கு வந்த கம்பெனி ஆட்களில் பலர் ஊர் திரும்பவில்லை என்பதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பிரஸ் ஆபரேட்டர் அண்ணன் ஒவ்வொரு கல்லாக நின்று, புரியாத டச்சு எழுத்தை அந்தப் பாதி விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஊருக்கு வெறுங்கையோடு போக முடியுமா? கரையில் மீன் விற்கும் அக்காக்களிடம் மடவையும் நண்டும் வாங்கினோம். உயிர் நண்டு, காலைக் கயிற்றால் கட்டித் தருகிறார்கள். பேரம் பேசுவதில் எங்கள் பர்ச்சேஸ் ஆபீஸர் புலி. அந்த அக்காவிடம் பூனையாகி, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, "ரெண்டு கீச்சானும் போட்டுக் குடுங்க, நான் பிடிச்சதுன்னு வீட்ல சொல்லிக்கறேன்" என்று கெஞ்சினார்.

வேன் கிளம்புவதற்கு முன்னால் படகுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தலைக்கு 150. முகத்தைத் தூக்கி வைத்திருந்த டிரெய்னி அதை வாங்கிக்கொண்டு எங்கேயோ ஓடினான். ஐந்து நிமிஷம் ஹாரன் அடித்த பிறகு திரும்பி வந்தான். கையில் கலர் கலராகப் பின்னிய ஒரு பனையோலைப் பெட்டி. இந்த ஊர் முஸ்லிம் பெண்களின் கைவேலை.

"யாருக்குடா?" என்று வேனே கேட்டது.

"அம்மாவுக்கு" என்றான். ஒருத்தரும் நம்பவில்லை.