நின்ற லோரியின் உழைப்பு

தீபகற்ப மலேசியாவில் செம்பனை மிகுதியாகப் பயிராகும் மாநிலங்களுள் ஜொகூரும் ஒன்று. குளுவாங், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களில் அறுக்கப்பெறும் பழக்குலைகள் லோரிகளில் ஆலைக்குச் செல்கின்றன. அறுத்த குலை நெடுநேரம் காத்திருத்தல் ஆகாது. நசுங்கிய கனியிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பமிலத்தைப் பெருக்கிவிடும். அவ்வமிலம் நூற்றுக்கு 5 பங்கைக் கடந்தால் கச்சா எண்ணெய் தரம் தாழ்ந்துவிடும். ஆதலின், அறுத்த 24 மணி நேரத்திற்குள் குலைகளை ஆலையில் சேர்த்து அவிக்க முயல்வர். பல டன் சுமையைக் கையால் இறக்கிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை. லோரியின் தொட்டியே ஒருபுறம் நிமிர்ந்து குலைகளைச் சரித்துவிடுகிறது. சக்கரம் அசையாது நிற்கும் வண்டியில், அத்தொட்டியைத் தூக்கும் விசை எங்கிருந்து வருகிறது?

வண்டியை ஓட்டும் இயந்திரமே அதனையும் தூக்குகிறது. லோரியின் கியர்ப் பெட்டியில் மூடியிட்ட வாயில் ஒன்று பெரும்பாலும் பக்கவாட்டில் அமைந்திருக்கும். மூடியைக் கழற்றி, அவ்விடத்தில் சிறியதொரு பற்சக்கரப் பெட்டியைப் பொருத்துவர். பட்டறைகளில் 'பி.டி.ஓ.' என மூவெழுத்தால் வழங்கும் இக்கருவியைத் தமிழில் 'விசையெடுப்பி' எனலாம். கியர்ப் பெட்டிக்குள் இடைத்தண்டு என ஒன்று உண்டு. வண்டி நியூட்ரலில் நின்றாலும், கிளச்சு விடப்பட்டிருக்கும்வரை அத்தண்டு இயந்திரத்தோடு சுழன்றுகொண்டே இருக்கும். விசையெடுப்பியின் பற்சக்கரம் இடைத்தண்டின் பற்சக்கரத்தைக் கவ்வி, அச்சுழற்சியை ஓர் எண்ணெய்ப் பம்புக்குக் கொடுக்கிறது. பம்பு எண்ணெயை அழுத்தத்தோடு உருளைக்குள் செலுத்த, உருளையின் தண்டு நீண்டு தொட்டியை உயர்த்துகிறது.

விசையெடுப்பியைத் தெரிவு செய்யுமுன் சிறு கணக்கொன்று போடவேண்டும். இயந்திரம் நிமிடத்திற்கு 1,000 சுற்றுச் சுற்றும்போது, விசையெடுப்பி அதில் நூற்றுக்கு 80 பங்கைப் பெறுவதாகக் கொள்க. பம்பு 800 சுற்றுச் சுற்றும். ஒரு சுற்றுக்கு 50 கன சென்டிமீட்டர் எண்ணெயைத் தள்ளும் பம்பாயின், நிமிடத்திற்கு 40 லிட்டர் பாயும். உருளை நிரம்ப 30 லிட்டர் வேண்டுமெனின், தொட்டி 45 வினாடியில் எழும். இயந்திரத்தை 2,000 சுற்றுக்கு முடுக்கினால் நேரம் பாதியாகும் என்பது கணக்களவில் மெய்யே. ஆயினும் எண்ணெய் சூடேறும். பம்பு தன் எல்லையைக் கடந்து தேயும்.

பொருத்துவதில் நுட்பமானது பல்லிடைவெளி ஆகும். கவ்வும் இரு பற்களுக்கிடையே பல அமைப்புகளில் 0.15 முதல் 0.30 மில்லிமீட்டர் வரை இடம் விடுவர். இடைவெளி குறைந்தால் பற்கள் ஊளையிடும். மிகுந்தால் கடகடவென ஒலிக்கும். இரண்டுமே பல்லைத் தின்னும். இவ்விடைவெளியை இரு பெட்டிகளுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய கேஸ்கட் தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்வர். தகட்டைக் கூட்டினால் பல் விலகும், குறைத்தால் நெருங்கும். மூடியைக் கழற்றுமுன் வடித்த கியர் எண்ணெயைப் பின்னர் உரிய அளவுக்கு நிரப்புதல் வேண்டும். சிறிது நேரம் ஓட்டிப் பார்த்தபின் எண்ணெய்க் கசிவையும் போல்ட்டுகளின் இறுக்கத்தையும் மீண்டும் சோதிப்பதே முறை.

இயக்குவதற்கும் வரிசை உண்டு. கையால் கியர் மாற்றும் வண்டியாயின், சமதரையில் நிறுத்திக் கைப்பிரேக்கு இட்டு, நியூட்ரலுக்கு வரவேண்டும். கிளச்சை மிதித்துச் சில வினாடி பொறுத்தால் உள்ளே பற்சக்கரங்கள் நின்றுவிடும். அதன்பின் விசையெடுப்பியின் பிடியை இழுத்துக் கிளச்சை மெல்ல விடவேண்டும். பொறுமையின்றி இழுப்பவனுக்குப் பற்கள் உராயும் ஓசையே எச்சரிக்கை. சுமை சரிந்தபின் வேறொரு பிடியைத் திருப்பினால், எண்ணெய் திரும்பி வடிய, தொட்டி தன் எடையாலேயே கீழிறங்கும்.

தொட்டி இறங்கியதும் வேலை முடிந்ததாகக் கருதுவதே பெரும்பிழை. மீண்டும் கிளச்சை மிதித்து விசையெடுப்பியை விலக்கவேண்டும். மறந்து புறப்பட்டால், பம்பு வழிநெடுகத் தேவையின்றிச் சுழலும். ஏற்றும் பிடி சற்றே நகர்ந்திருப்பினும் தொட்டி ஓட்டத்திலேயே மெல்ல எழும்பும். முன்னே பார்த்து ஓட்டுபவனுக்கு முதுகுப்புறம் நிகழ்வது தெரியாது. எழுந்த தொட்டி மேம்பாலத்தில் மோதும், மின்கம்பியைத் தொடும், வளைவில் வண்டியையே கவிழ்க்கும். விசையெடுப்பி விலகவில்லை என்று காட்டும் விளக்கும் மணியும் இதற்கெனவே ஓட்டுநர் அறையில் வைக்கப்படுகின்றன. பழுது பார்க்கவென்று உயர்ந்த தொட்டியின் கீழ்ப் புகுவோரும், தாங்குதடி இடாமல் புகுதல் கூடாது. குழாய் ஒன்று வெடித்தால், எண்ணெய் மட்டும் தாங்கிய தொட்டி நொடியில் விழும்.

ஓட்டத்திற்கென அமைந்த விசையை நிற்கும்போது வேறு வேலைக்குத் திருப்பித் தருவது விசையெடுப்பி. அதனை இணைக்கக் கற்றவன் பாதி கற்றவனே; புறப்படுமுன் விலக்கப் பழகியவனே முழுதும் கற்றவன்.