ரேஸ் காருக்கு என்ன பிஸ்டன், படகுக்கு என்ன பிஸ்டன்?

சென்னையில் இருந்து ஜிஎன்டி சாலை வழியாகப் பழவேற்காடு, தோணிரேவு பக்கம் போனால் நடுவில் சோழவரம் வரும். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அங்கே இருக்கிறது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும் வரை, சென்னைக்காரர்களுக்கு கார் ரேஸ் என்றாலே சோழவரம்தான். 1980-களின் பிற்பகுதியில் கோவையின் எஸ்.கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி ரேஸ் காரில் இருந்தது, நம்ம மாருதி 800-ன் 796 சிசி இன்ஜின்.

வீட்டு கார் இன்ஜினை டிராக்குக்குக் கொண்டுபோகும் ஆசை இன்னும் குறையவில்லை. அப்படி ஒரு இன்ஜினைப் பிரித்துக் கட்டும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது பிஸ்டன்.

காஸ்ட்டா, ஃபோர்ஜ்டா?

கம்பெனி கார்களில் பெரும்பாலும் வருவது காஸ்ட் பிஸ்டன். உருக்கிய அலுமினியக் கலவையை அச்சில் ஊற்றிச் செய்வது. சிலிக்கான் அதிகம், அதனால் சூட்டில் குறைவாகவே விரியும், சத்தம் இருக்காது. ஆனால் டர்போ பூஸ்ட்டை ஏற்றி, நாக்கிங் வந்தால் உடைந்துவிடும்.

ஃபோர்ஜ்ட் பிஸ்டன் அழுத்தி அடித்துச் செய்தது. அதிலும் இரண்டு வகை உண்டு. 4032 கலவையில் சிலிக்கான் சுமார் 12 சதவீதம், ரோட்டிலும் ஓட்டலாம். 2618-ல் சிலிக்கான் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் அதிகம் விரியும். அதனால் சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி கூடுதலாக விட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தால் 'டக் டக்' என்று தட்டும். தினமும் ஆபீஸ் போகிற காருக்கு இது தேவையா? பெரும்பாலும் இல்லை.

பழவேற்காடு முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகும் ஃபைபர் படகின் டீசல் இன்ஜினுக்கும் அதே பதில்தான். ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓடணும், அவ்வளவுதான். கம்பெனி அளவு காஸ்ட் பிஸ்டன் போதும். அங்கே இன்ஜின் சீஸ் ஆனால் ஓரம்கட்ட ரோடு கிடையாது.

ஓவர்சைஸ் போட்டால் பவர் கூடுமா?

மாருதி 800-ன் போர் 68.5 மி.மீ. ரீபோர் செய்து 0.50 ஓவர்சைஸ் போட்டால் 69 மி.மீ. மொத்தம் கூடுவது 12 சிசிகூட இல்லை. ஓவர்சைஸ் என்பது தேய்ந்த சிலிண்டரைச் சரிசெய்யும் வழி, பவருக்கான வழி இல்லை.

பவர் வருவது கம்ப்ரஷன் ரேஷியோவில். மேல்பக்கம் மேடான பிஸ்டன் போட்டால் அது கூடும். கூடவே அதிக ஆக்டேன் பெட்ரோலும் கேட்கும். இந்தியன் ஆயில் 2020-ல் கொண்டுவந்த 100 ஆக்டேன் எக்ஸ்பி100 எல்லா பங்க்கிலும் கிடைக்காது என்பதை வாங்கும் முன்பே யோசிக்கணும்.

லேத்துக்கு எப்போது போவது?

பலர் சொதப்பும் இடம் இதுதான். முதலில் போர் செய்துவிட்டு பிஸ்டன் தேடக் கூடாது. பிஸ்டன் கைக்கு வந்தபிறகு, தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில், பின்னுக்கு 90 டிகிரியில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அந்த அளவுக்கு ஏற்றபடி சிலிண்டரை ஹோனிங் செய்ய வேண்டும். ஸ்டாக் பிஸ்டன்கள் பலவற்றில் இடைவெளி 0.02 முதல் 0.04 மி.மீ.; 2618-ல் 0.08 வரை போவது சகஜம். பிஸ்டனோடு வரும் தாளில் உள்ள எண்தான் இறுதி. கூடினால் தட்டும், குறைந்தால் சீஸ்.

மாட்டும்போது?

ரிங்கைப் பிரித்த உடனே மாட்டிவிடக் கூடாது. சிலிண்டருக்குள் நேராக வைத்து, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கணும். டர்போ இல்லாத ரோடு காரின் மேல் ரிங்குக்கு, போர் அளவில் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் 0.1 மி.மீ. என்பது பொதுவான கணக்கு. டர்போவுக்கு இன்னும் கூடுதல். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டி, பிஸ்டனின் ரிங் பள்ளத்தையே பெயர்த்துவிடும்.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி பெரும்பாலான இன்ஜின்களில் டைமிங் பக்கம் பார்த்திருக்கணும். பின் லாக்குகளைப் பழசு போடவே கூடாது. மேடான பிஸ்டன் என்றால் ஹெட்டை மூடும் முன், வால்வு படும் இடத்தில் களிமண் ஒட்டி, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, நசுங்கியதை அளந்து பார்ப்பது பழைய ஆனால் நம்பகமான வழி.

ஸ்டார்ட் ஆனபிறகு நீண்ட நேரம் ஐடிலில் விடாமல், மிதமான லோடில் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் செட் ஆகும். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடணும். அதில் மினுங்கும் தூள் கொஞ்சம் இருந்தால் பயப்பட வேண்டாம், துண்டாக இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.