அண்டை அரசுகளின் கூட்டுறவு

குண்டலுபேட்டை கருநாடகத்தின் தென்கோடியில் அமைந்த சிறு நகரம். மைசூரிலிருந்து தெற்கே வரும் சாலை இங்கு இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று பந்திப்பூர், முதுமலைக் காடுகளின் வழியே உதகமண்டலத்துக்கும், மற்றொன்று முத்தங்கா வழியே கேரளத்துச் சுல்தான் பத்தேரிக்கும் செல்கின்றன. அண்டை அரசுகள் தம்முள் எவ்வாறு ஒத்து வாழ்வது என்னும் வினா இத்தகைய எல்லையோரத்து மக்களுக்கு அன்றாட வினாவாகும்.

இவ்வினாவுக்கு அராபிய நாடுகள் கண்ட விடையை முதலில் நோக்குவோம். 1945 மார்ச் 22இல் எகிப்து, இராக், சிரியா, லெபனான், டிரான்ஸ்ஜோர்டான், சவூதி அரேபியா ஆகிய ஆறும் கெய்ரோ நகரில் கூடி அரபு லீக் என்னும் சங்கத்தை நிறுவின. ஏமன் சிறிது காலத்தின் பின் சேர்ந்தது. இன்று உறுப்பு நாடுகள் 22. சங்கத்தின் சாசனப்படி ஏகமனதான தீர்மானம் அனைவரையும் கட்டுப்படுத்தும். பெரும்பான்மைத் தீர்மானமோ அதனை ஏற்றவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும்.

1958இல் எகிப்தும் சிரியாவும் ஒரே குடியரசாக இணைந்தன. 1961இல் சிரியா பிரிந்துவிட்டது. இஸ்ரேலுடன் உடன்படிக்கை செய்தமையால் 1979இல் எகிப்து விலக்கி வைக்கப்பட்டு, 1989இல் மீண்டும் ஏற்கப்பட்டது. 1990இல் ஓர் உறுப்பு நாடாகிய இராக், மற்றோர் உறுப்பு நாடாகிய குவைத்தின்மீது படையெடுத்தது. மொழி ஒன்றாயிருத்தல் மட்டும் அரசியல் ஒற்றுமைக்குப் போதாது என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டின் நிலை வேறு. இங்கு நாடு ஒன்று; மொழிகள் பல. 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புச் சட்டம் எல்லைகளை வகுத்ததோடு நில்லாமல், மண்டலக் கவுன்சில்கள் ஐந்தனையும் அமைத்தது. தென்மண்டலக் கவுன்சிலில் இன்று தமிழ்நாடு, கருநாடகம், கேரளம், ஆந்திரம், தெலுங்கானா, புதுச்சேரி ஆகியவை அங்கம் வகிக்கின்றன. மத்திய உள்துறை அமைச்சரே தலைவர். பொருளாதாரத் திட்டம், எல்லைத் தகராறு, மாநிலங்களிடைப் போக்குவரத்து, மொழிச் சிறுபான்மையினர் நலன் ஆகியவற்றை இக்கவுன்சில் ஆராயலாம். எனினும் இஃது ஆலோசனை கூறும் சபையேயன்றி ஆணையிடும் சபையன்று.

ஆலோசனையின் அருமையைக் குண்டலுபேட்டைச் சாலைகளே உணர்த்தும். வனவிலங்குகளைக் காக்கும்பொருட்டு 2009இல் பந்திப்பூர்க் காட்டில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. யானைக்கும் புலிக்கும் மாநில எல்லை தெரியாது. அவற்றின் காடு மூன்று மாநிலங்களிலும் பரந்து கிடக்கின்றது. காய்கறி ஏற்றிச் செல்லும் வணிகருக்கோ இரவுப் பயணம் பிழைப்பு. இரண்டும் நியாயமே. ஓர் அரசு தனித்து இதற்கு முடிவு கண்டால் மற்றோர் அரசின் மக்கள் அல்லலுறுவர். கலந்து பேசாதவிடத்து வழக்குமன்றமே மிஞ்சுகின்றது.

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்துள்ள நமக்கு இக்கூட்டுறவில் தனிப்பட்ட அக்கறை உண்டு. 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய மாநிலங்கள் முயலவேண்டும் என்கின்றது. 350ஆ பிரிவின்படி, இத்தகைய பாதுகாப்புகளை ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தருவதற்குத் தனி அதிகாரி ஒருவர் நியமிக்கப்படுகின்றார். இவ்வுரிமைகளை நாம் அறிந்திருத்தல் வேண்டும். அரசுகள் பிணங்கும் நாளில் முதலில் அஞ்சுபவர் எல்லைக்கு அப்பால் வாழ்பவரே. ஆதலின் நாம் வாழும் ஊரின் மொழியைக் கற்று, அண்டை வீட்டாருடன் அளவளாவி வாழ்வதும் அரசுகளின் நட்புக்கு நாம் செய்யும் தொண்டேயாகும்.