படகின் குறுக்குப் பலகை

சென்னை மாநகரில் மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் கிழக்கே வங்கக் கடல் பரந்து கிடக்கிறது. நொச்சிக்குப்பம் முதல், அடையாற்று முகத்துவாரத்தை அடுத்த ஊரூர்க் குப்பம் வரையில், கரையோரத்தில் மீன்படகுகள் பல நிற்பதைக் காணலாம். அவற்றுள் ஒன்றை உற்று நோக்கினால், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம்வரை குறுக்கே அமைந்த பலகைகள் தெரியும். அவை உட்காருவதற்கு மட்டும் அமைந்தவை என்று கருதுவோர் பலர். ஆனால், அவற்றிற்கு வேறொரு பெரும் பணியும் உண்டு.

அலை வந்து மோதும்போது படகின் பக்கம் உள்நோக்கி அழுந்தும். அலைமேல் ஏறி இறங்கும்போது இரு பக்கங்களும் விலக முயலும். அழுந்தாமலும் விலகாமலும் அவற்றைப் பிடித்து நிறுத்துவது குறுக்குப் பலகையே. வீட்டிற்கு விட்டம் எவ்வாறோ, படகிற்கு அப்பலகை அவ்வாறாகும்.

சென்னையில் துறைமுகம் எழும் முன்னர், கப்பல்கள் கரைக்குத் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. பயணிகளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகள் இரும்பு ஆணியால் இணைக்கப்படாமல், தென்னை நார்க் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. ஆதலின், அவை அலையின் தாக்குதலுக்கு வளைந்து கொடுத்தன. துடுப்பு வலிப்போர் குறுக்கு மரங்களின்மீது அமர்ந்தனர். கயிறு நைந்தால், தையலைப் பிரித்துப் புதுக் கயிற்றால் மீண்டும் தைப்பது வழக்கம். பழுதை உடனுக்குடன் நீக்கியதனாலேயே அப்படகுகள் நெடுங்காலம் உழைத்தன.

மரப் பலகையின் நடுப்பகுதியைவிட முனைகளே முதலில் கெடும். பலகையும் படகின் பக்கமும் கூடும் இடத்தில் மழைநீர் தேங்குவதே அதற்குக் காரணம். உப்புநீரால் இரும்பு ஆணி துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். கூரிய ஊசியால் குத்திப் பார்த்தால், நல்ல மரம் எதிர்க்கும். உளுத்த மரம் இடங்கொடுக்கும்.

முனை உளுத்த பலகையை அகற்றிவிட்டு, நன்கு உலர்ந்த புதுப் பலகையைப் பொருத்துதல் வேண்டும். மரத்தின் இழை பலகையின் நீளவாக்கில் ஓடுதல் வேண்டும். குறுக்கே ஓடினால் எளிதில் முறியும். முன்னரே துளையிட்டுத் துருப்பிடிக்காத செப்பாணியை அடித்தால், பலகை பிளவாது. முனைகளில் எண்ணெயோ வண்ணமோ நன்கு ஊறும்படி பூசுதல் இன்றியமையாதது.

பலகை உளுக்காமல், நடுவில் மட்டும் தாழ்ந்திருந்தால், அதன் அடியில் ஒரு சட்டத்தை நிமிர்த்தி வைத்து இணைத்தால் போதும். அளவுகோலைப் படுக்கவைத்து அழுத்தினால் அது வளையும். நிமிர்த்தி வைத்து அழுத்தினால் வளையாது. சட்டத்தின் உயரம் இருமடங்கானால், வளைவை எதிர்க்கும் ஆற்றல் 8 மடங்காகும். சிறு சட்டம் பெரும் பாரத்தைத் தாங்கும் விந்தை இதுவே.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, இக்கரையிலும் படகுகள் பலவற்றைச் சிதைத்தது. அதன் பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவற்றுள் பலவற்றில், இருக்கை ஒரு மூடிய பெட்டி போன்றது. அதனுள் அடைத்துள்ள நீர் புகாத நுரைப்பொருள், படகில் நீர் நிறைந்தாலும் அதனை மிதக்கச் செய்யும். ஆகவே, இருக்கையில் தோன்றும் வெடிப்பு ஆளின் உயிரோடு தொடர்புடையதாகும்.

அவ்வெடிப்பின்மேல் வண்ணம் பூசி மறைத்தல் பயன் தராது. உள்ளே புகுந்த நீர் முற்றும் உலரவேண்டும். பின்னர், சுற்றுப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, கண்ணாடியிழைப் பாயை ரெசின் என்னும் பிசினில் தோய்த்து ஒட்டுவர். ஒவ்வோர் அடுக்கும் முந்தைய அடுக்கைவிடச் சற்று அகலமாக இருப்பின் பிடிப்பு உறுதிப்படும். தேய்க்கும்போது எழும் தூசி நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். ஆதலின், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதல் வேண்டும். பிசின் எளிதில் தீப்பற்றும். ஆதலின், அருகே நெருப்பு இருத்தலாகாது.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இவ்வேலைகளை முடித்துவிடுதல் நன்று. கரையில் நிற்கும் படகைச் செப்பனிட ஒரு பகற்பொழுது போதும். கடலிலோ, முறிந்த பலகைக்கு மாற்றுப் பலகை கிடைப்பதில்லை. சிறு பழுதைச் சிறிதாய் இருக்கும்போதே நீக்குவோர், படகைக் காப்பதோடு, அதனை நம்பிக் கடல் செல்வோரையும் காக்கின்றனர்.